உளூவும் நீரிழிவு நோயாளியின் பாதங்களும்

இஸ்லாத்தில் உடல் தூய்மை தொழுகைக்கு முன்நிபந்தனையாகும். ஐவேளைத் தொழுகைக்காகச் செய்யப்படும் உளூவில் முகமும், முழங்கை வரை கைகளும், கணுக்கால் வரை பாதங்களும் கழுவப்படுகின்றன. ஈரக்கையால் தலை தடவப்படுகிறது. வாய் கொப்பளித்தல், மூக்கைச் சுத்தம் செய்தல், மிஸ்வாக்கினால் பல் துலக்குதல், விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுதல் ஆகியன நபிவழியாகப் பின்பற்றப்படுகின்றன. நகங்களை 40 நாள்களுக்கு மேல் களையாமல் விடலாகாது என்பதும் நபிமொழியில் வந்துள்ளது.

உளூ ஒரு வழிபாடு. அதை மருந்தாகக் கருத வேண்டியதில்லை. எனினும் நீரிழிவு நோயாளிகளுக்கு அது நல்லதொரு வாய்ப்பை அளிக்கிறது. நாள்பட்ட நீரிழிவினால் பாத நரம்புகள் உணர்விழக்கக்கூடும். அந்நிலையில் முள் தைத்தாலும் செருப்புக் கடித்தாலும் வலி தெரியாது. கவனிக்கப்படாத சிறு புண் எலும்பு வரை பரவி, விரலையோ காலையோ அகற்றும் நிலைக்கு இட்டுச் செல்லலாம். ஆகவே, பாதத்தைக் கழுவும்போது கண்ணாலும் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம், வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கழுவிய பின் விரல் இடுக்குகளை மென்மையான துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று உண்டாகும். உணர்விழந்த பாதம் சூட்டை அறியாது. எனவே அதிகாலையில் வெந்நீர் பயன்படுத்துவோர், அதன் சூட்டைக் குடும்பத்தார் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். நகங்களை நேராக வெட்டுங்கள். ஓரங்களைக் குடைந்து எடுக்காதீர்கள். பள்ளிவாசல் ஹவுள் அருகே தரை வழுக்கும்; தள்ளாடுவோர் அமர்ந்தே உளூ செய்யலாம்.

பாதத்தில் புண்ணோ, தையலோ, கட்டோ இருந்தால் என்ன செய்வது? தொழுகை கூடாமல் போய்விடுமோ என்று அஞ்சிக் கட்டை நனைத்துவிடுவோர் உண்டு. ஈரமான கட்டு கிருமிகள் பெருக இடமளிக்கும். புண் ஆறுவதும் தாமதப்படும். அத்தகைய துன்பத்தை மார்க்கம் நோயாளியின் மீது சுமத்தவில்லை. உளூவை விதிக்கும் திருக்குர்ஆன் 5ஆம் அத்தியாயத்தின் 6ஆம் வசனமே, நோயுற்றோர் தூய மண்ணைக் கொண்டு தயம்மும் செய்யவும் அனுமதிக்கிறது. தயம்முமில் முகமும் கைகளும் மட்டுமே தடவப்படுவதால், பாதப் புண்ணை மண் அண்டாது. முகத்திலோ கையிலோ புண் இருந்தால், அதன்மீது மண் படாமல் காத்துக்கொள்ள வேண்டும். கட்டின்மீது ஈரக்கையால் தடவும் சலுகையும் உண்டு. ஆனால் உங்கள் கட்டு அந்தச் சிறு ஈரத்தையும் தாங்குமா என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து ஏற்றுவதற்காகக் கையில் ஊசி பொருத்தப்பட்டிருப்போரும் அவ்விடத்தை நனைக்கக் கூடாது.

நீர் படுவதால் தீங்கு நேருமா என்பதில் நம்பத்தக்க மருத்துவரின் கூற்றை மார்க்க அறிஞர்கள் ஏற்கின்றனர். தடவும் முறையிலும் தயம்முமைச் சேர்த்துச் செய்வதிலும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே வேறுபாடு உள்ளது. அதனை உங்கள் ஆலிமிடம் கேட்டறியுங்கள்.

பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளி உளூ செய்ய உதவும்போது பாதத்தின் அடிப்பகுதியை நீங்களே பாருங்கள், குனிய இயலாதவருக்கு அது தெரியாது. புண்ணைத் தொடுமுன் சோப்பிட்டு 20 வினாடிகள் கைகழுவுங்கள். எவ்வாறு தூய்மை செய்துகொள்வது என்ற ஐயம் இருந்தால், கட்டு மாற்றும் வேளையிலேயே தயங்காமல் எங்களிடம் கேளுங்கள்.