ஐந்து தந்தி, ஒரு காந்தம்

சாதாரண மாண்டலினில் ஒரு தந்தியை ஒரே ஒரு முறை மீட்டிவிட்டுக் காதுகொடுத்துக் கேளுங்கள். பளிச்சென்று எழுகிற ஒலி சட்டென்று அடங்கிவிடும். இத்தாலியில் இந்தக் கருவியை வளர்த்தவர்கள் அதற்கு இரண்டு வழி கண்டார்கள். நான்கு தந்திகளையும் இரட்டை இரட்டையாகக் கட்டி எட்டாக்கினார்கள். மீட்டுகோலை மேலும் கீழும் விடாமல் ஓட்டி ஒலியை நீட்டினார்கள். அந்தத் துடிப்பான நாதம் பழைய சினிமாப் பாட்டுகளில் எத்தனையோ இடங்களில் நம்மை மயக்கியிருக்கிறது. ஆனால் தோடி ராகத்தின் காந்தாரத்துக்கு அது உதவாது. அந்தச் சுரம் ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். ஒரே மீட்டில் பிறந்த ஒலி அந்த அசைவு முடியும்வரை உயிரோடு இருந்தாக வேண்டும். இரட்டைத் தந்தியை விரலால் இழுத்தால் இரண்டும் ஒரே அளவுக்கு ஏறுவதும் இல்லை, சுருதி பிசகிவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். ஆந்திரத்தின் பாலகொல்லில் 1969 பிப்ரவரி 28 அன்று பிறந்தவர். அப்பா சத்யநாராயணாவின் மாண்டலினைச் சிறு வயதிலேயே கையில் எடுத்துக்கொண்டார். அவருக்கு வாய்த்த குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அந்தப் பாட்டைத் தந்தியில் தேடிக் கண்டுபிடிப்பான். வாய்ப்பாட்டையே அளவுகோலாகக் கொண்டு பழகியதால்தான், கருவியால் முடியாததை அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்று நான் நினைக்கிறேன். 1978இல் குடிவாடாவில் தியாகராஜர் ஆராதனை விழாவில் முதல் கச்சேரி; 1981இல் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடை. இரட்டைத் தந்திகளைக் கைவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைத் தன் கருவியாக்கிக்கொண்டார். 2014 செப்டம்பர் 19 அன்று, 45 வயதில் அவர் மறைந்தபோது, மாண்டலின் கர்நாடக இசைக்குச் சொந்தமாகியிருந்தது.

மேல்நாட்டுக் கருவி என்று அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நம் திருவிதாங்கூர்க்காரர்களுக்கு அந்த வாதம் எடுபடாது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கியபோது, 1834இல் அவருக்குத் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசளித்தவர் திருவிதாங்கூர் மன்னர் ஸ்வாதித் திருநாள். வயலினும் மாண்டலினும் ஏறத்தாழ ஒரே நீளம், ஒரே சுருதி அமைப்பு. வயலினில் சுர இடங்களைக் குறிக்கும் மெட்டுக் கம்பிகள் இல்லை, வில் உண்டு. மாண்டலினில் மெட்டு உண்டு, வில் இல்லை. வில் இருக்கும்வரை ஒலியின் நீளத்துக்குப் பஞ்சமில்லை. மாண்டலினுக்கு அந்த நீளத்தைக் கொடுத்தது மின்சாரம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மின்சாரம் சத்தத்தைப் பெருக்க மட்டுமே என்று பலரும் எண்ணுகிறார்கள். மீட்டிய தந்தியிடம் இருப்பது ஓர் அளவான ஆற்றல். குடம் உள்ள கருவியில் அந்த ஆற்றல் தந்தியைத் தாங்கும் குதிரை வழியாக மெல்லிய மேற்பலகைக்குப் போய்க் காற்றை அசைக்கிறது. பலகை எவ்வளவு தாராளமாக அசைகிறதோ அவ்வளவு சத்தம். அவ்வளவு சீக்கிரம் தந்தியின் கையிருப்பும் தீர்ந்துபோகும். கெட்டி மரத்தில் தந்தியைக் கட்டினால் மரம் அசைய மறுக்கிறது. காற்றுக்கு ஏதும் போகாததால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது, ஆனால் தந்தி நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வைத் தொடாமலே படித்துக் கம்பி வழியே ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புவதுதான் பிக்கப்பின் வேலை. ஒலி நீண்டுவிட்டால் இரட்டைத் தந்திக்குத் தேவை இல்லை. ஒற்றைத் தந்தியாகிவிட்டால் விரல் விரும்பியபடி இழுக்கலாம்.

இதே முடிவுக்கு உலகின் வேறு மூலைகளிலும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பால் பிக்ஸ்பி என்ற கைவினைஞர் 1952இல் டைனி மூர் என்ற கலைஞருக்கு ஐந்து ஒற்றைத் தந்தி மின் மாண்டலின் செய்து கொடுத்தார். ஃபெண்டர் நிறுவனம் 1956இல் கொண்டுவந்ததில் நான்கு ஒற்றைத் தந்திகள். பிரேசிலின் பாஹியாவில் டோடோ, ஒஸ்மார் என்ற இரண்டு நண்பர்கள் 1940களிலேயே கெட்டிக் கட்டையில் தந்தி கட்டினார்கள், பின்னர் அதைத் திருவிழா ஊர்வலத்துக்கு எடுத்துப்போனார்கள். ஒஸ்மாரின் மகன் அர்மாந்தின்யோ பின்னாளில் அதில் ஐந்தாம் தந்தியைச் சேர்த்தார்.

நமக்கு ஐந்தாம் தந்தி எதற்கு? மேல்நாட்டு முறையில் அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஸ-விலிருந்து ப வரையிலான இடைவெளி, மூன்று முறையும் அதேதான். நம்மவர்கள் ஸ, ப, ஸ, ப என்று மாற்றிக்கொள்கிறார்கள். ப-விலிருந்து மேல் ஸ-வுக்கு உள்ள தூரம் குறைவு என்பதால் மொத்த வீச்சு சற்றுச் சுருங்குகிறது. இன்னொரு ஸ சேர்ந்தால் தந்திகளின் திறந்த ஒலியே இரண்டு ஸ்தாயி பரவும். மந்தர ஸ்தாயி ஆலாபனைக்கு இடம் கிடைக்கும்.

இப்படி ஒரு கருவியைப் பொழியூரிலோ பாறசாலையிலோ செய்ய முடியுமா? முடியும் என்று திடமாகச் சொல்வேன். 1956இல் மாநில எல்லை போட்டபோது இந்த ஊர்கள் உள்ள நெய்யாற்றங்கரை கேரளத்தோடும், ஒட்டியிருந்த விளவங்கோடு தமிழ்நாட்டோடும் போயின. ஆசாரிமாரின் கைவேலை இரண்டு பக்கமும் ஒன்றுதான். கடற்கரையில் ஃபைபர் வள்ளம் பழுதுபார்ப்பவருக்கு எப்பாக்ஸி பசையின் குணம் தெரியும். மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரருக்குத் தாமிரக் கம்பி சுற்றுவது தினசரி வேலை. இந்த மூன்று கைகளும் சேர்ந்தால் போதும்.

முதலில் மரம். உடலுக்குப் பலாவோ அயினியோ எடுத்துக்கொள்ளலாம். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா. குட்டநாட்டுச் சுண்டன் வள்ளத்துக்கு அயினி, மலையாளத்தில் ஆஞ்ஞிலி. தண்டிக்குத் தேக்கோ மகாகனியோ, ரேகை நேராக ஓடுகிற துண்டாகப் பார்க்க வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தை ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. மெட்டுப் பலகைக்கு ஈட்டிதான் சிறப்பு. அதை வெட்டச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது, பில் இல்லாத மரத்தைத் தொடாதீர்கள். பழைய வீடு பிரிக்கும்போது கட்டில் காலோ கதவுச் சட்டமோ கிடைத்தால் பாக்கியம், பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம் அது. இரண்டு மழைக்காலம் உள்ள நம் ஊரில் மரம் உலர்ந்திருப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. பச்சை மரத்தில் செய்த தண்டி ஒரே கோடையில் முறுக்கிக்கொள்ளும்.

எட்டுத் தந்தி மாண்டலினில் தந்திகளின் மொத்த இழுவிசை 80 கிலோ எடையை ஒட்டி வரும். ஐந்து ஒற்றைத் தந்தியில் அது பாதிக்கும் குறைவு. ஆகவே தண்டி மெலிதாக இருக்கலாம்.

அடுத்தது மெட்டு. செய்பவரின் பொறுமையைச் சோதிக்கிற இடம் இதுதான், எனக்குப் பிடித்த இடமும் இதுதான். தந்தியின் அதிரும் நீளத்தை 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மெட்டும் மீதி நீளத்தை 17.817ஆல் வகுத்த தூரத்தில் விழும். 350ஐ 17.817ஆல் வகுத்தால் 19.6 மி.மீ.; அது முதல் மெட்டு. மீதியை மறுபடி வகுத்தால் இரண்டாவது. பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 175 மி.மீ. தொலைவில் வந்து நிற்கும். அதுவே மேல் ஸ. இருபத்து நான்காம் மெட்டுக்கு வரும்போது இடைவெளி 5 மி.மீ.தான். முதல் மெட்டில் அரை மி.மீ. தவறினால் அரைச் சுரத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் பிழை, காது மன்னித்துவிடும். கடைசி மெட்டில் அதே தவறு பத்தில் ஒரு பங்கு. ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு அளந்துகொண்டு போகக் கூடாது. பிழை கூடிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் தலைப்பக்கத்து நட்டிலிருந்தே அளந்து குறிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. இது எல்லா அரைச் சுரங்களையும் சமமாக்கிய மேல்நாட்டுக் கணக்கு. ஸ-வோடு 5:4 விகிதத்தில் இழைகிற அந்தர காந்தாரத்துக்கு மெட்டு 70 மி.மீ.யில் இருக்க வேண்டும். சமக் கணக்கு அதை 72.2 மி.மீ.யில் வைக்கிறது, சுரம் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். வீணையில் மெழுகில் பதித்த மெட்டை நகர்த்திச் சரிசெய்துகொள்வார்கள். இங்கே மெட்டு மரத்தில் அறைந்தது. இழுத்தால் சுருதி ஏறும், குறையாது. அதனால் வாசிப்பவர் கீழ் மெட்டில் விரலை வைத்து மேலே இழுத்துச் சுரத்தைத் தேடி எடுக்கிறார். அந்த இழுப்புக்கு விரலடியில் பிடி வேண்டும் என்பதால் மெட்டுக் கம்பி உயரமானதாக இருப்பது நல்லது. ஜெர்மன் சில்வர் என்று விற்கிற கம்பியே வழக்கம். தாமிரம், நிக்கல், துத்தநாகம் சேர்ந்த அதில் வெள்ளி துளியும் இல்லை. மெட்டுகளை அறைந்தபின் நேர்பலகையில் ஒட்டிய உப்புத்தாளால் தலைகளை ஒரே மட்டமாக்கி, ஒவ்வொன்றையும் அரத்தால் உருட்டிவிட வேண்டும்.

தந்தி எஃகாக இருக்க வேண்டும். காந்தம் எஃகையும் நிக்கலையும்தான் உணரும்; வீணையின் பித்தளைத் தந்தியை வைத்தால் பிக்கப் வாய் திறக்காது. மந்தரத் தந்திகளுக்கு நிக்கல் சுற்றிய கிட்டார் தந்தி பொருந்தும். 0.25 மி.மீ. எஃகுத் தந்தியை மேல்நாட்டு மாண்டலினின் உச்சமான E-க்கு ஏற்ற எட்டரை கிலோ அளவு இழுவிசை வேண்டும். அதையே C-க்கு இறக்கினால் ஐந்தரை கிலோ போதும். தளர்ந்த தந்தியில் அதே சிறிய இழுப்பு சுருதியை அதிகம் ஏற்றும். கமகம் வாசிக்கிறவருக்கு இது பெரிய வரம்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய தாமிரக் கம்பிச் சுருள். காந்தப் புலத்துக்குள் எஃகுத் தந்தி அதிரும்போது புலமும் அசைகிறது, சுருளில் அதே வேகத்தில் மின்னோட்டம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்ட அதே தத்துவம். கம்பி தலைமுடி அளவுதான், 0.06 மி.மீ. சொச்சம். கிட்டார் பிக்கப்பில் ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று வரும். தையல் மெஷின் மோட்டாரும் சுற்று எண்ணும் ஒரு கவுண்டரும் இருந்தால் வீட்டிலேயே சுற்றலாம், கம்பி அறாத மென்மையோடு கை பிடிக்க வேண்டும். சுற்றியபின் உருக்கிய மெழுகில் ஊறவைப்பது அவசியம்; சுருள் தளர்ந்திருந்தால் அதுவே அதிர்ந்து மேடையில் ஊளையிடும். கடையில் கிடைக்கும் கிட்டார் பிக்கப்புகளில் தந்திக்கு ஒன்றாகத் தனிக் காந்தக் குச்சிகள் இருக்கும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அது குச்சியை விட்டு விலகி ஒலி மங்கும். நம் இசைக்கு எல்லாத் தந்திகளுக்கும் அடியில் ஓடுகிற ஒற்றைப் பட்டையான பிக்கப்பே உகந்தது என்பது என் முடிவு.

குதிரையைக் கணக்குப்படி சரியாக 350 மி.மீ.யில் வைத்துவிடாதீர்கள். மெட்டில் அழுத்தும்போது தந்தி சற்று நீண்டு சுருதி ஏறுவதால் குதிரை ஓரிரு மி.மீ. பின்னால் போக வேண்டும், தடித்த தந்திக்கு இன்னும் கொஞ்சம். பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே விரலால் லேசாகத் தொட்டு எழும் மணியொலியும், அதே மெட்டில் அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஒன்றாகும்வரை நகர்த்துங்கள்.

பொழியூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக் காற்று எஃகுத் தந்தியை விரைவில் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடியோடு துடைத்துப் பெட்டியில் மூடி வையுங்கள்.

கடைசியாக இரைச்சலும் எர்த்தும். ஒற்றைச் சுருள் பிக்கப் ட்யூப்லைட், மின்விசிறி எல்லாவற்றின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் சேர்த்து வாங்கும். சுருள் இருக்கும் குழியின் உட்புறம் முழுவதும் தாமிரத் தகடு ஒட்டி எர்த்தோடு இணைத்தால் கரகரவென்ற இரைச்சல் குறையும், ஆனால் காந்தப் புலம் வழியே வரும் முனகல் அடங்காது. அதற்கு, எதிரெதிர் திசையில் வேலை செய்யும் இரண்டு சுருள்களை இணைத்து முனகல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி செய்யலாம். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் காட்டிய வழி அது. குதிரையிலிருந்தும் ஒரு கம்பி எர்த்துக்குப் போகும், அதாவது வாசிப்பவரின் விரல் ஆம்ப்ளிஃபையரின் உலோகக் கூட்டோடு மின்சார வழியில் இணைந்திருக்கும். ஆம்ப் சரியாக எர்த் செய்யப்பட்டிருந்தால் இதில் ஆபத்தில்லை. ஆனால் திருவிழாப் பந்தல்களில் எர்த் முள் இல்லாத பிளக்கைச் செருகுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆம்பில் கசிவு இருந்தால் ஒரு கை தந்தியிலும் வாய் மைக்கிலும் படுகிற நொடியில் உயிருக்கே ஆபத்து. மைக் செட்காரரிடம் எர்த்தைப் பற்றிக் கேட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தந்தியைத் தொடுங்கள்.