நான்கு வயல், நான்கு சாட்சி ஆகுமா?

சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் சம்பா அறுவடையோடு பயிர் அறுவடைப் பரிசோதனையும் நடைபெறுகிறது. குலுக்கல் முறையில் தேர்ந்த வயலில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் அளந்து, அதிலுள்ள பயிரை அறுத்து, அடித்து, நெல்லை எடை போடுகிறார்கள். காய்ந்த நெல் 10 கிலோ இருந்தால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ. அதாவது ஏக்கருக்குச் சுமார் 1,600 கிலோ.

இம்முறையை 1940-களில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் செம்மைப்படுத்தியவர்கள் சுகாத்மே, பான்சே ஆகிய புள்ளியியல் அறிஞர்கள். 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலும் மகசூல் இழப்பீட்டுக்கு இச்சராசரியே முக்கிய ஆதாரம்.

ஒரு கிராமத்தில் 4 வயல்களில் அறுத்தால் 4 தனித்தனிச் சாட்சிகள் கிடைத்துவிட்டன என்று கொள்ளலாமா? கூடாது. அவை ஒரே வாய்க்காலில் பாய்வன; ஒரே மண்; நடவும் ஏறக்குறைய ஒரே வாரம். கார்த்திகை மழையில் வெள்ளாறு பெருகி நீர் தேங்கினால் பள்ளக்கால் வயல்கள் சேர்ந்தே மூழ்கும். ஒன்று குறைந்தால் மற்றவையும் குறையும்.

மகசூல் வேறுபாட்டில் பத்தில் மூன்று பங்கு கிராமத்துக்குக் கிராமம் உள்ள வேறுபாடு என்று கொள்வோம். அப்போது 5 கிராமங்களில் நான்கு நான்காக அறுத்த 20 பரிசோதனைகள், 20 வெவ்வேறு கிராமங்களில் அறுத்த பரிசோதனைகளுக்கு ஈடாகா; சுமார் 10-க்கே சமம்.

இதைச் சரிவரக் கணிப்பதே பல அடுக்குக் கணக்கு முறை. வயலுக்கு வயல் வேறுபாடு ஓர் அடுக்கு. கிராமத்துக்குக் கிராமம் மற்றோர் அடுக்கு. பிர்க்கா அடுத்த அடுக்கு. ஒவ்வொன்றின் பங்கையும் இம்முறை தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. இரண்டே வயல் அறுத்த கிராமத்தில் சராசரி 1,200 கிலோ, பிர்க்கா சராசரி 1,600 கிலோ என்றால், மேற்சொன்ன அளவின்படி அக்கிராமத்துக்குச் சுமார் 1,400 கிலோ என மதிப்பிடும். அறுத்த வயல்கள் கூடக்கூட அக்கிராமத்தின் சொந்தச் சராசரிக்கே மதிப்பு கூடும்.

புதிய நெல் ரகத்தைச் சோதிக்கும் விவசாயிகளுக்கும் இதில் பாடம் உண்டு. ஒரே வாய்க்காலில் 4 வயல்களில் போடுவதைவிட, தலைமடை, கடைமடை, மேடு, பள்ளம் என 4 ஊர்களில் ஒவ்வொரு வயலில் போடுவது மேல். ஒவ்வொரு வயலிலும் பாதியில் பழைய ரகத்தை நட வேண்டும். இரண்டுக்கும் ஒரே உரம், ஒரே பாய்ச்சல் கொடுத்து, தனித்தனியே அறுத்து எடை போட வேண்டும். அப்போதுதான் கூடுதல் மகசூல் ரகத்தால் வந்ததா, வாய்க்காலால் வந்ததா என்பது விளங்கும்.