கணிப்பொறி வலையமைப்பின் பராமரிப்பு: இடுக்கி தரும் படிப்பினை

2015-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தேசிய ஒளியிழை வலையமைப்புத் திட்டத்தின் கீழ் இணைக்கப்பட்ட நாட்டின் முதல் மாவட்டம் என்ற சிறப்பைப் பெற்றது. பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றம் பெற்ற இத்திட்டத்தின் நோக்கம், ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பை அளிப்பதாகும். சாலை அமைப்பதே அரிதான மலைச்சரிவுகளில் இது சாதாரணப் பணியன்று. ஆயினும் இழை பதிப்பது வேறு, அதனை நாள்தோறும் இயங்கச் செய்வது வேறு. பின்னதற்குரிய பணியே கணிப்பொறி அமைப்பு நிர்வாகம் எனப்படுகிறது.

வட்டாரத் தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஒளி, வழியிலுள்ள பிரிப்பான்களில் கிளைகளாகப் பிரிந்து பஞ்சாயத்து அலுவலகங்களை அடைகிறது. இழைக்கும் பிரிப்பானுக்கும் மின்சாரம் வேண்டா. இரு முனைகளிலும் உள்ள கருவிகளுக்கு வேண்டும். அலுவலகத்திலுள்ள முனையக் கருவி ஒளியை மின்குறிப்பாக மாற்றுகிறது. அதனை அடுத்துள்ள ரூட்டர், ஒவ்வொரு கணிப்பொறிக்கும் கதவு எண் போன்றதொரு எண் முகவரியைத் தருகிறது. நாம் எழுதும் இணையதளப் பெயரை அதற்குரிய எண்ணாக மாற்றித் தரும் பதிவேடு தனியே உள்ளது. எனவே 'இன்டர்நெட் வரவில்லை' என்ற புகார் எழுந்தால், மின்சாரம், இழை, எண் முகவரி, பெயர்ப் பதிவேடு என இதே வரிசையில் சோதித்தல் வேண்டும். வரிசை தெரியாதவர் எடுத்த எடுப்பில் கணிப்பொறியையே குறை கூறுவார்.

இவற்றுள் மின்சாரமே மலைப்பகுதியின் முதற் பிரச்சினை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, மூணாறுக்கு அருகிலுள்ள பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகள் புதையுண்டன. இறந்தோரும் காணாமற்போனோருமாக 70 பேர். கனமழையால் முன்னரே அங்கு மின்சாரம் தடைப்பட்டு, கைப்பேசிச் சேவையும் நின்றுபோயிருந்தது. ஆகவே மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது. செய்தி முன்னரே கிட்டியிருப்பின் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும் என்பதை எவரும் கணக்கிட இயலாது. ஆனால் பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைக் கணக்கிட இயலும். புதிய பாட்டரிக்குக் குறிக்கப்பட்ட நேரத்தை நம்பாமல், பருவமழைக்கு முன் மின்சாரத்தை நிறுத்தி அளந்து பார்க்க வேண்டும். சாலை துண்டிக்கப்படும் இடங்களில் ஜெனரேட்டருக்கான டீசலும் முன்னரே இருப்பில் இருத்தல் அவசியம்.

அடுத்தது தகவல்களின் பாதுகாப்பு. பணி நிமித்தம் நான் சென்றிருந்த ஓர் அலுவலகத்தில், ஆவணங்களின் மாற்றுப்படி ஒழுங்காக எடுக்கப்பட்டு வந்தது. ஆனால் அதே கணிப்பொறியின் அதே வட்டில்! வட்டு பழுதானபோது இரண்டும் சேர்ந்தே போயின. மாற்றுப்படி வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்; ஆண்டுக்கொரு முறையேனும் அதிலிருந்து கோப்புகளை மீட்டுப் பார்த்தலும் வேண்டும்.

இப்பணியைக் கற்கப் பொறியியல் பட்டம் கட்டாயமன்று. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், 2017-இல் அதன் தொடர்ச்சியாக உருவான கைட் நிறுவனமும் கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளைப் பரப்பியுள்ளன. உரிமக் கட்டணம் இல்லாததால், சித்தூர், தேவிகுளம் பகுதிகளின் தமிழ்வழி மாணவரும் பழைய கணிப்பொறி ஒன்றில் அதனை நிறுவலாம். பயனாளர் கணக்குகளை உருவாக்கலாம். யார் எதனைப் படிக்கலாம், எதனைத் திருத்தலாம் என வரையறுக்கலாம். பிழை நேரும்போது நிகழ்வுப் பதிவுக் கோப்பைத் திறந்து காரணத்தைத் தேடும் பழக்கத்தையும் பெறலாம். இப்பழக்கமே இத்துறையில் பாதிக் கல்வி என்பது என் கருத்து.

அலுவலகங்களிலோ இடர்ப்பாடு வேறு. அதிகாரி மாறுதலாகும்போது பணப்பெட்டிச் சாவியைக் கையெழுத்துப் பெற்றே ஒப்படைக்கிறார். ரூட்டரின் கடவுச்சொல்லோ பல வேளைகளில் அவருடனேயே சென்றுவிடுகிறது. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அதற்கும், பாட்டரி வாங்கிய தேதிக்கும், மாற்றுப்படி உள்ள இடத்திற்கும் மூன்று வரிகள் சேர்த்தால் போதும். தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.