தொடாமலே இறங்கும் மின்சாரம்

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குள் 11,000 வோல்ட் நுழைகிறது. வீட்டுக்கு 230தான் வருகிறது. ஆனால் உள்ளே வரும் கம்பியும் வெளியேறும் கம்பியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை!

ஒரே இரும்புச் சட்டத்தில் இரண்டு சுருள்கள். முதல் சுருளில் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி ஓட, இரும்பில் காந்தப்புலமும் கூடவே மாறுகிறது. மாறும் காந்தப்புலம் அடுத்த சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். 1831இல் ஃபாரடே கண்டது இது. இரு சுருள்களிலும் சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரே வோல்ட். இரண்டாம் சுருளில் சுற்றுகளைக் குறைத்தால் அதன் வோல்ட்டும் குறையும். இலவசமாக எதுவும் இல்லை: அழுத்தம் இறங்கினால் மின்னோட்டம் ஏறும், அதனால்தான் வெளியேறும் கம்பி அவ்வளவு தடிமன்.

முதல் சுருளில் பேட்டரியை இணைத்தால்? காந்தப்புலம் அசையாமல் நிற்கும்; சுருள் சூடாவதுதான் மிச்சம்.

டிரான்ஸ்ஃபார்மரில் கேட்கும் அந்த ‘ம்ம்ம்’ இரைச்சலோ, ஒரு சுழற்சிக்கு இருமுறை இரும்பு நுண்ணளவில் நீண்டு சுருங்குவதால் வருகிறது.