பணம் எடுக்காத முன்பதிவு: சிறிய வார்கேம் நிறுவனங்களை ரசிகர்கள் தாங்குவது எப்படி?

கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தின் குளிர்கால விற்பனை 2026 ஜனவரி 5ஆம் தேதி நம் நேரப்படி இரவு 11.30 மணிக்கு முடிந்தது. என்ன வாங்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்களைவிட, வாங்கினால் காசு யாருக்குப் போய்ச் சேரும் என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை அதிகம். நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கடிதங்களில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன: புதிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், 40 சதவீத ஜிஎஸ்டி, தங்களுக்குப் பிடித்த சின்ன நிறுவனத்துக்கு எப்படி உதவுவது என்ற கவலை. நரிக்குடிக் கல்லூரி மாணவர் ஒருவர் நேராகவே கேட்டிருக்கிறார்: "தள்ளுபடியில் வாங்குவது அவங்களுக்கு உதவியா, உபத்திரவமா?"

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற அந்தச் சட்டம் தடை செய்வது, ஜெயித்தால் காசு வரும் என்று நம்பிக் காசு கட்டும் ஆட்டங்களை. ஒருமுறை விலை கொடுத்தோ சந்தா கட்டியோ விளையாடும் ஆட்டங்களை அதே சட்டம் தனியாகப் பிரித்து அனுமதிக்கிறது. 40 சதவீத ஜிஎஸ்டியும் பண ஆட்டங்களுக்குத்தான். நீங்கள் வாங்கும் வார்கேமுக்கு, அதாவது போர் உத்தி ஆட்டத்துக்கு, 18 சதவீதம், அதுவும் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இந்தச் சட்டத்தால் உள்நாட்டு கேம் தயாரிப்பும் வளரும் என்று அரசு சொல்கிறது. ஆனால் ஒரு வீட்டு மாடியில் இரண்டு பேர் உட்கார்ந்து செய்யும் ஆட்டத்துக்கு எவ்வளவு உதவித்தொகை, யாரிடமிருந்து, எப்போது வரும் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை. அது வரும்வரை அவர்களைத் தாங்க வேண்டியவர்கள் வாங்குகிறவர்கள்தான்.

மாணவரின் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். ஸ்டீமில் 500 ரூபாய் விலையுள்ள ஆட்டத்தில் ஜிஎஸ்டி 76 ரூபாய் போகும். மிச்சத்தில் 30 சதவீதம், அதாவது 127 ரூபாய், ஸ்டீமுக்கு. ஆட்டம் செய்தவருக்கு நிற்பது 297 ரூபாய். அதே ஆட்டம் 75 சதவீதத் தள்ளுபடியில் 125 ரூபாய்க்குப் போனால் அவருக்கு மிஞ்சுவது 74. நாலு பேர் தள்ளுபடியில் வாங்கினால்தான் முழு விலை கொடுத்த ஒருவருக்கு ஈடு. அவருடைய வருமான வரியும் வங்கிக் கட்டணமும் இன்னும் கழிக்கப்படவில்லை.

அந்த 30 சதவீதமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. 2018இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, ஒரு ஆட்டத்தின் விற்பனை ஒரு கோடி டாலரைத் தாண்டிய பிறகு ஸ்டீமின் பங்கு 25 சதவீதமாகவும், ஐந்து கோடியைத் தாண்டினால் 20 சதவீதமாகவும் இறங்குகிறது. பெரிய நிறுவனத்துக்குச் சலுகை, சின்னவருக்கு முழுப் பிடித்தம். எல்லாருக்கும் கதவு திறந்திருக்கிறது என்று அந்தத் தளம் சொல்லும்போது இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இட்ச் என்ற இன்னொரு விற்பனைத் தளத்தில், தளத்தின் பங்கு எவ்வளவு என்பதை ஆட்டம் செய்தவரே முடிவு செய்யலாம். வழக்கமான அளவு 10 சதவீதம், பூஜ்ஜியமாகவும் வைக்கலாம். ஒரே ஆட்டம் இரண்டு இடத்திலும் இருந்தால் இட்ச்சில் வாங்குங்கள்.

ஆனால் சின்ன நிறுவனத்தைச் சாகடிப்பது கழிவுத்தொகை மட்டுமல்ல. இரண்டு மூன்று வருடம் உழைத்துச் செய்யும் ஒன்றை வாங்க ஆள் இருக்கிறதா என்பது கடைசி நாள்வரை தெரியாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. இதற்கு வார்கேம் உலகம் கண்டுபிடித்த ஒரு ஏற்பாடு இருக்கிறது. இந்தக் கட்டுரையின் ஒரு பெரிய பகுதியை அதற்கே கொடுக்கிறேன்.

500 பெயர்கள்

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஹான்ஃபோர்டில் இருக்கும் ஜி.எம்.டி. கேம்ஸ், 1990இல் தொடங்கியது. பெட்டியில் வரைபடமும் அட்டைச் சில்லுகளும் வைத்து வரும் வார்கேம்களின் நிறுவனம் அது. அதன் முன்பதிவுத் திட்டத்துக்கு பி500 என்று பெயர். நடைமுறை இதுதான். இன்னும் அச்சடிக்காத ஆட்டத்தை அறிவிப்பார்கள். கடை விலையைவிட நன்றாகக் குறைந்த விலையில் நீங்கள் கார்டு எண்ணைக் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். ஒரு காசும் எடுக்கமாட்டார்கள். எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை எல்லார் கண்ணுக்கும் தெரியும். அது 500ஐத் தொட்டதும் ஆட்டம் தயாரிப்பு வரிசைக்குள் நுழைகிறது. பெட்டிகள் அனுப்பத் தயாராகும் நேரத்தில், இன்ன தேதியில் பணம் எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிவிப்பார்கள். அதுவரைக்கும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

இதில் யார் தலையில் எந்த ஆபத்து விழுகிறது என்று பாருங்கள். ரசிகரின் பணம் அவர் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. ஆட்டம் வராவிட்டால் அவருக்கு நட்டமில்லை. அச்சுக்கூடத்துக்குப் பணம் கட்டுமுன் எத்தனை பெட்டி போகும் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. "வந்தா சொல்லுங்க, வாங்கிக்கிறேன்" என்று வாயால் சொல்வதைவிட இது கனமானது, ஏனென்றால் பின்னால் ஒரு கார்டு நிற்கிறது. முழுத் தொகையையும் முன்னாலேயே கொடுப்பதைவிட இது இலேசானது, ஏனென்றால் அந்தக் கார்டை இன்னும் தேய்க்கவில்லை. இந்த நடுப்புள்ளியைக் கண்டுபிடித்ததுதான் சாமர்த்தியம்.

இந்த வழியாக வந்த ஆட்டங்களில் பெயர்பெற்றது, பனிப்போரைப் பற்றிய 'ட்வைலைட் ஸ்ட்ரகிள்'. ஆனந்த குப்தாவும் ஜேசன் மாத்யூஸும் வடிவமைத்து 2005இல் வெளியானது. போர்ட்கேம்கீக் என்ற பலகை ஆட்டத் தளத்தின் தரவரிசையில் 2010 கடைசியிலிருந்து 2016 தொடக்கம்வரை ஐந்து ஆண்டு முதலிடத்தில் நின்றது. நம் பக்கத்துக் கதை ஒன்றும் இதே பட்டியலில் இருந்து வந்திருக்கிறது: டெல்லி சுல்தானகம், பாமினி, விஜயநகரம் மூன்றும் மோதும் 'விஜயநகரா'. அறிமுகமில்லாத வரலாற்றை அச்சேற்றப் பெரிய முதலாளி தேவைப்படவில்லை, ரசிகர்களே முன்வந்தார்கள்.

எனக்கு இதில் உறுத்துகிற இடமும் உண்டு. 500ஐத் தொட்டால் ஆட்டம் உடனே கைக்கு வந்துவிடாது. வரிசையில் வருடக்கணக்கில் கிடக்கும் தலைப்புகள் இருக்கின்றன. புகழ்பெற்ற வடிவமைப்பாளர் என்றால் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறும். புதியவருடைய எண்ணிக்கை எல்லார் பார்வையிலும் ஊர்ந்துகொண்டிருக்கும், அதைப் பார்க்கிறவருக்கு 'இதை யாரும் விரும்பவில்லை போல' என்ற நினைப்பு வரும். எண்ணிக்கையை வெளியே காட்டுவது நம்பிக்கைக்காக. அதே வெளிச்சம் பலவீனமானவரை இன்னும் பலவீனமாகவும் காட்டுகிறது. ஆகவே ரசிகர் செய்யக்கூடிய பெரிய உதவி, 450இல் நிற்கும் ஆட்டத்தில் 451ஆவது ஆளாகச் சேர்வதல்ல, 40இல் நிற்கும் ஆட்டத்தில் 41ஆவது ஆளாகச் சேர்வது.

முன்பணம் கொடுத்தவர்கள் கதை

பணத்தை முன்னாலேயே வாங்கும் முறைக்கு வார்கேம் வரலாற்றிலேயே கசப்பான உதாரணம் உண்டு. ஜேம்ஸ் டன்னிகன் 1969இல் தொடங்கிய எஸ்.பி.ஐ. நிறுவனம், ஒவ்வொரு இதழோடும் ஒரு ஆட்டத்தையும் சேர்த்து அனுப்பும் பத்திரிகை நடத்தியது. ஆயுள் சந்தா கட்டியவர்கள்கூட இருந்தார்கள். 1982இல் கடனில் சிக்கிய நிறுவனத்தை டி.எஸ்.ஆர். என்ற இன்னொரு ஆட்ட நிறுவனம் கைப்பற்றியது. கைப்பற்றியதும், பழைய சந்தாக்களுக்கு இதழ் அனுப்ப முடியாது என்று அறிவித்தது. முன்பணம் கட்டியிருந்த ரசிகர்களின் கோபம் அந்தப் பத்திரிகையைப் பெரிதும் பாதித்தது. வடிவமைப்பாளர்கள் பலர் வெளியேறினார்கள்.

சந்தாவே தப்பு என்று இதற்கு அர்த்தமல்ல. நம் விருதுநகர் மாவட்டத்திலேயே அது நாணயமாக நடக்கும் இடம் இருக்கிறது. சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வருகின்றன. கௌபாய்க் கதைகளைத் தமிழில் படிக்கும் கூட்டம் பெரியதல்ல, ஆனால் விட்டுப்போகாத கூட்டம். ஆண்டுச் சந்தா, பெரிய தொகுப்புகளுக்குத் தனி முன்பதிவு என்று அவர்களை நம்பித்தான் ஆசிரியர் எஸ். விஜயன் இயந்திரத்தை ஓட்டுகிறார். 2015இல் வந்த 'மின்னும் மரணம்' முழுத் தொகுப்பு அப்படி முன்பதிவில் வந்ததுதான். வாசகர் கடிதத்துக்கு ஆசிரியரே பதில் எழுதும் உறவு அங்கே இருக்கிறது. கைமாறிய எஸ்.பி.ஐ.யில் அந்த உறவு அறுந்துபோயிற்று.

கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளம் மூன்றாவது வகை. அங்கே நீங்கள் பொருள் வாங்குவதில்லை, ஒரு முயற்சிக்குக் காசு கொடுக்கிறீர்கள். தாங்கள் கடை அல்ல என்று அந்தத் தளமே சொல்கிறது. ஆனால் விளம்பரப் பக்கங்கள் எல்லாம் கடை மாதிரியே இருக்கின்றன. 'ட்வைலைட் ஸ்ட்ரகிள்' கணினி வடிவத்துக்கு 2014இல் அங்கே பணம் திரட்டினார்கள். ஆட்டம் 2016இல்தான் வந்தது. கொடுத்தவர்கள் காத்திருந்தார்கள். இலக்கை எட்டாவிட்டால் ஒரு பைசாவும் வராது என்பது இன்னொரு விதி. புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 'ராஜி' ஆட்டத்துக்காக 2017இல் 1,20,000 பவுண்டு கேட்டுத் தோற்றது. நிறுவனர் ஒருவர் தன் வீட்டை விற்றுப் போட்ட பணத்தில் வேலை தொடர்ந்து, 2020இல் ஆட்டம் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து நேரடியாக அங்கே திட்டம் தொடங்கவும் வழியில்லை.

ஸ்டீமில் காசில்லாமல் செய்யக்கூடியவை

விஷ்லிஸ்டில் சேர்ப்பது வாக்குறுதிகளிலேயே இலேசானது. அது உதவி என்று சொல்லப்படும் அளவுக்கு உதவி அல்ல, ஆனால் வீணும் அல்ல. வரவிருக்கும் ஆட்டங்களின் முகப்புப் பட்டியலில் இடம்பிடிக்க அந்த எண்ணிக்கை வேண்டும். ஆட்டம் வெளியாகும்போதும், 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி வரும்போதும் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். அதோடு நின்றுவிடாமல் வெளியான முதல் வாரத்தில் வாங்கினால்தான் அதற்குப் பொருள்.

ரிவ்யூ எழுதுவதன் மதிப்பு பலருக்குத் தெரியவில்லை. பத்து ரிவ்யூ சேரும்வரை ஆட்டத்தின் பெயருக்குக் கீழே மதிப்பெண்ணே வராது. பெரிய ஆட்டத்துக்குப் பத்து என்பது பத்து நிமிட வேலை. முந்நூறு பேர் வாங்கும் வார்கேமுக்கு அது மாதக்கணக்கில் இழுக்கும். நிறுவனம் இலவசமாகக் கொடுத்த பிரதியை வைத்து எழுதுவது அந்த மதிப்பெண்ணில் சேராது. காசு கொடுத்து ஸ்டீமில் வாங்கியவர் எழுதுவதே சேரும். நாலு வரி போதும்: எதிரியின் கணினி மூளை எப்படி, விதிகள் புரிகின்றனவா, எந்தக் கணினியில் ஓடியது.

மற்ற கேள்விகள்

ரீஃபண்ட் கேட்டால் பாவமா? இல்லை, வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் உங்கள் உரிமை.

யுபிஐயில் வாங்கலாமா? ஸ்டீமில் வாங்கலாம்.

வெளிநாட்டு நிறுவனம் என் கார்டை மறுக்கிறது. 2020 முதல் புதிய கார்டுகளில் சர்வதேசப் பயன்பாடு அணைத்தே வருகிறது; வங்கிச் செயலியில் போய்த் திறந்துவிடுங்கள்.

பெட்டி ஆட்டத்தை இங்கே வரவழைக்கலாமா? அனுப்பும் செலவும் சுங்கமும் சில நேரம் ஆட்டத்தின் விலையையே தொடும். நாலு பேர் சேர்ந்து ஒரே பொதியாக வரவழையுங்கள்.

பழைய கணினிதான் இருக்கிறது. வாஸல் என்ற இலவச மென்பொருள் அதில் ஓடும். ரசிகர்களே நூற்றுக்கணக்கான பெட்டி ஆட்டங்களை அதற்கு மாற்றியிருக்கிறார்கள், அந்த உழைப்பும் உதவிதான்.

திருட்டுப் பிரதி? வேண்டாம்.

தமிழர்கள் யாரும் இந்தத் துறையில் இல்லையா? கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்துச் செய்த 'வெண்பா' 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்ட விருதை வாங்கியது. சென்னையில் கிரீடா நிறுவனம் 2002 முதல் நம் மரபு ஆட்டங்களைத் தயாரிக்கிறது. மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் நடக்கும் ஆடுபுலி ஆட்டம், சமமில்லாத இரண்டு படைகள் மோதும் வார்கேம்தான்.

மருதுபாண்டியர் போரை யாராவது ஆட்டமாக்குவார்களா? இதைக் கேட்டவரும் நரிக்குடிக்காரர்தான். மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் அந்த ஊருக்குப் பக்கத்தில். 1801 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் ஒட்டிய அறிக்கையில் தொடங்கி அக்டோபர் 24 அன்று திருப்பத்தூர்த் தூக்குமரம்வரை, ஒரு ஆட்டத்துக்கு வேண்டிய எல்லாம் அந்தச் சில மாதங்களில் இருக்கிறது. சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட வாரக்கணக்கில் மல்லுக்கட்டி, கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதைக் கைவிட நேர்ந்தது. அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் அந்தப் போரை விவரித்திருக்கிறார். துப்பாக்கியும் பீரங்கியும் ஒரு பக்கம், காடும் வளரியும் மறுபக்கம். இதை முதலில் ஒரு பெரிய நிறுவனம் செய்யாது. வரைபடத்தை ஏ3 தாளில் அச்செடுத்து, அட்டையில் சில்லு வெட்டி, நாலு நண்பர்களோடு ஆடிப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். வரைபடத்தையும் விதிநூலையும் இட்ச்சில் ஏற்றக் கட்டணம் கிடையாது. யாராவது தொடங்கினால் எங்களுக்கு எழுதுங்கள், முதல் முன்பதிவு என்னுடையது.