காற்றுக்குக் கட்டிய வீடுகள்

விக்டோரியா மகாராணி காலத்து வீடு என்றதும் செங்கல் சுவரும் சரிந்த கூரையும் வரிசையாகப் புகைபோக்கிகளும் கொண்ட லண்டன் தெரு ஒன்று நம் கண்முன் வரும். அதே தலைமுறையில் வளைகுடாவின் வசதியான வணிகர்கள் எப்படி வீடு கட்டினார்கள் என்று பார்க்க வேண்டுமானால், பர் துபாயின் ஜவுளிக் கடைகளைத் தாண்டி க்ரீக் ஓரமாகச் சற்று நடக்க வேண்டும். அங்கே இருக்கிறது பஸ்தக்கியா.

இங்குள்ள சிற்றரசுகள் 1892 ஒப்பந்தத்தின்படி தங்கள் வெளியுறவைப் பிரிட்டனிடம் ஒப்படைத்திருந்தன. ஆனால் ஆங்கிலேயரின் கட்டடக்கலை இங்கே எட்டிப் பார்க்கவில்லை. வந்தது எதிர்க்கரையிலிருந்து. பாரசீகத் துறைமுகமான லிங்காவில் சுங்கவரிக் கெடுபிடி அதிகமானபோது, துபாயில் சலுகை கிடைத்ததால், பஸ்தக் வட்டாரத்து வணிகர்கள் இக்கரைக்குக் குடிபெயர்ந்தார்கள். முத்தும் துணியும் விற்ற கையோடு தங்கள் ஊர்க் காற்றுக் கோபுரத்தையும் கொண்டுவந்தார்கள். அரபியில் அதற்குப் பெயர் பர்ஜீல்.

வீட்டுக் கூரைக்கு மேல் நாற்புறமும் திறந்த சதுரக் கோபுரம். உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்குச் சுவர்கள், அதனால் நான்கு குழாய்கள். எந்தத் திசையில் காற்றடித்தாலும் ஒரு குழாய் அதைப் பிடித்துக் கீழே தள்ளும். எதிர்ப்பக்கக் குழாய் வழியாக அறையின் வெப்பக்காற்று மேலேறிப் போகும். லண்டன் புகைபோக்கி செய்வது இதில் பாதி வேலைதான். கடலோரப் புழுக்கத்தில் காற்றின் வெப்பம் பெரிதாகக் குறையாது. ஆனால் வியர்த்த உடம்பில் காற்று படுகிறதே, அதுதான் சுகம். கோடை மதியங்களில் கோபுரத்தின் அடியில்தான் படுக்கை. குளிர்காலத்தில் பலகை வைத்து அடைத்துவிடுவார்கள். பேரீச்ச ஓலைக் குடிசைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கம்பு நட்டுச் சாக்குத் துணி கட்டி அதே கோபுரத்தை எழுப்பினார்கள்.

சுவருக்குக் கடலில் வெட்டியெடுத்த பவளக்கல். நுண்துளைகள் நிறைந்தது, வெயிலை எளிதில் உள்ளே விடாது. கூரைக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த சந்தல் என்னும் கண்டல் மரக் கழிகள். அவை ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளத்துக்கு மேல் பயன்படாது. ஆகவே அறைகளும் அந்த அகலத்தோடு நின்றுவிட்டன. பர்மாத் தேக்கைக் கொண்டுவந்து செட்டிநாட்டார் எழுப்பிய விசாலமான கூடங்களைப் பார்த்தவர்களுக்கு இவை நடைபாதை போலத் தெரியும். அறையின் அகலத்தை ஆப்பிரிக்கக் காட்டு மரம் தீர்மானித்தது!

நடு முற்றம் நமக்குப் பழகியதுதான். வெளி முகம்தான் வேறு. நம் திண்ணை வழிப்போக்கனை உட்காரச் சொல்லும். இந்த வீடோ தெருவுக்கு வெறும் சுவரைத்தான் காட்டும். கதவு திறந்தாலும் முற்றம் தெரியாதபடி நுழைவழி திரும்பிப் போகும். விருந்தினருக்கான மஜ்லிஸ் வாசலருகிலேயே இருப்பதால் வந்தவர் குடும்பத்தார் பக்கம் போக வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் விக்டோரியா காலத்து வரவேற்பறையும் மஜ்லிஸும் உறவுக்காரர்கள் என்பேன்.

மின்சாரமும் குளிர்சாதனமும் வந்தபின் பழைய குடும்பங்கள் புது வீடுகளுக்குப் போய்விட்டன. பல வீடுகள் கிடங்குகளாயின; பலவற்றில் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் நெருக்கியடித்துத் தங்கினார்கள். பஸ்தக்கியாவின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் குடித்தனத்தை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உறுத்துகிறது. 1980களில் அரசு அலுவலகம் கட்டுவதற்காக ஏறக்குறையப் பாதிக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. மீதியும் போயிருக்கும். அங்கே ஒரு வீட்டைச் செப்பனிட்டுக் குடியிருந்த ரேய்னர் ஆட்டர் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் இடிப்பை எதிர்த்து முயற்சி எடுத்தார். 1989இல் துபாய் வந்த இளவரசர் சார்லஸ் இந்தச் சந்துகளைச் சுற்றிப் பார்த்து, காப்பாற்றுங்கள் என்றார். இடிப்பு நின்றது. பிறகு நகராட்சியே செப்பனிட்டது. 2012இல் அல் ஃபாஹிதி என்று பெயரும் மாறியது.

இன்று அங்கே ஓவியக்கூடங்களும் காப்பிக் கடைகளும் அருங்காட்சியகங்களும் இருக்கின்றன. அறைகளில் குளிர்சாதனம் ஓடுகிறது. முற்றத்தில் துணி காய்வதில்லை.