காவேரித் தண்ணீர் ஊரிலே இருந்தால் போதுமா?

"காவேரித் தண்ணி குடிக்கிற ஊராச்சே, உடம்புக்கு என்ன குறைச்சல்!" - திருச்சியைப் பற்றி யாராவது இப்படிச் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆறும் வாய்க்காலும் பக்கத்திலே இருந்தால் ஆரோக்கியம் தானாக வந்துவிடும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் சரி?

ஓரளவு சரிதான். நீர்க்கரையிலே வெயிலின் கடுமை கொஞ்சம் தணிகிறது. மரநிழல் இருந்தால் சாயங்காலம் நாலு எட்டு நடக்கத் தோன்றுகிறது. ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் மனசும் லேசாகிறது. இங்கிலாந்தில் 2001-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஆராய்ந்தவர்கள், கடலோரத்தில் வசிப்பவர்களில் 'எங்கள் உடம்பு நன்றாக இருக்கிறது' என்று சொன்னவர்கள் அதிகம் என்று 2012-ல் தெரிவித்தார்கள்.

ஆனால் 2025-ல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வேறொரு விஷயத்தைக் கண்டார்கள். அந்த நாட்டில் 66,000-க்கு மேற்பட்ட வட்டாரங்களின் ஆயுள் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். கடலோரத்தில் இருப்பவர்களின் ஆயுள், பொது சராசரியான 79 வயதைவிட ஓராண்டுக்கு மேல் கூடுதலாக இருந்தது. நகரத்துக்குள் ஆறு, ஏரி ஓரமாக இருப்பவர்களுக்கோ 78 அளவில்தான்! அசுத்தம், வறுமை, பயமில்லாமல் நடமாட இடமில்லாமை, வெள்ள அபாயம் - இவை காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஆக, தண்ணீர் பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. அது எப்படிப்பட்ட தண்ணீர் என்பதுதான் விஷயம்.

அரியமங்கலத்தைப் பாருங்கள்

பேட்டைவாய்த்தலையில் காவேரியிலிருந்து பிரிகிற உய்யக்கொண்டான் வாய்க்கால், திருச்சி நகரத்துக்குள் புகுந்து, பாலக்கரை, வரகனேரி தாண்டி அரியமங்கலம் வழியாகப் போகிறது. முதலாம் ராஜராஜ சோழனின் பட்டப்பெயர் தாங்கிய, ஆயிரம் ஆண்டுப் பழமையான வாய்க்கால் இது. வயலுக்காக வெட்டியது. நகரம் வளர வளர வீட்டுச் சாக்கடையும் அதிலே கலந்தது, ஆகாயத்தாமரையும் மண்டியது. அதே அரியமங்கலத்தில் ஏறத்தாழ 47 ஏக்கரில் மாநகராட்சியின் குப்பைமேடு. அதில் தீப்பிடித்துப் புகை சூழ்ந்த நாட்கள் பல. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலை பிற்பாடு தொடங்கியது.

ஒரு பக்கம் சோழர் வாய்க்கால், இன்னொரு பக்கம் குப்பைமேடு! இப்படிப்பட்ட இடத்தில் குழந்தை குட்டிகளோடு குடித்தனம் நடத்துகிற தாய்மார்கள் கவனிக்க வேண்டியது என்னென்ன?

எந்தக் கொசு எங்கே?

ஓடுகிற தண்ணீரில் கொசு முட்டையிட்டுப் பெருக முடியாது. ஆற்று வரத்து குறைந்து சாக்கடை மட்டும் தேங்கும்போதுதான் தொல்லை. அந்த அழுக்கு நீரில் வளர்வது க்யூலெக்ஸ் கொசு. இரவில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. ஆகவே கொசுவலை அவசியம்.

டெங்கு கொசுவோ வேறு ஜாதி. அது பகலில் கடிக்கும். நல்ல தண்ணீரில் வளரும். அதன் பிறப்பிடம் வாய்க்கால் அல்ல, நம் வீடுதான்! மூடாத டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, கொல்லையில் கிடக்கிற கொட்டாங்கச்சி, பழைய டயர்... முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருநாள் எல்லாவற்றையும் கவிழ்த்து, உட்புறம் தேய்த்துக் கழுவிக் காய விடுங்கள். தேய்க்காமல் கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும்.

குடிக்கிற தண்ணீர்

திருச்சியின் குடிநீர், காவேரி, கொள்ளிடம் ஆற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து வருகிறது. குழாயில் வரும்போது நல்ல தண்ணீராக இருந்தாலும், குடத்தில் கையை விட்டு மொண்டால் கெட்டுப்போகும். தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறியதும் மூடி வையுங்கள். நீளக் காம்புள்ள கரண்டியால் மொள்ளுங்கள்.

போர் தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குப்பைமேட்டில் மழை இறங்கி ஊறுகிற கறுப்புச் சாறு நிலத்தடி நீரில் கலக்கக்கூடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் உலோகமும் போகாது. நைட்ரேட் என்கிற உப்பு அதிகமிருந்தால் கைக்குழந்தைக்கு மிகவும் ஆபத்து. அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைக்கக் கூடாது. சோதனைச்சாலையில் பரிசோதித்த பிறகே குடிக்கவும் சமைக்கவும் எடுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உடனே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை துவண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வெள்ளம் வந்தால்

1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் திருச்சியில் வெள்ளம் புகுந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளநீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றும். செருப்பில்லாமல் இறங்காதீர்கள். பிறகு ஜுரத்தோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் மருந்து கொடுத்தால் குணமாகிவிடும்.

இன்னொன்று: உலகம் முழுவதும் 2021-ல் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஒரு வாளித் தண்ணீர்கூடப் போதும்! ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபப் படித்துறையில் பூஜையில் நீங்கள் ஆழ்ந்திருக்கும்போது, குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவரைக் கட்டாயம் நியமியுங்கள்.

நம் பங்கு

காவேரித்தாய்க்குக் காதோலை கருகமணி போடுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் பையை வீட்டுக்கே கொண்டு வாருங்கள். குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்துக் கொடுங்கள். தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து, சாக்கடை எந்த இடத்தில் வாய்க்காலில் விழுகிறது என்று குறித்து, வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். கரையில் நடைபாதையும் விளக்கும் வேண்டும் என்று கேளுங்கள். "அதெல்லாம் ஆம்பிளைகள் வேலை" என்று இருந்துவிடாதீர்கள். குழந்தைக்கு ஜுரம் வந்தால் ராத்திரி கண்விழிப்பது நாம்தானே?